கடைசிப் படலம்

காரக் கரைசலிலிருந்து பிளாஸ்டிக் படலத்தை அவள் இடுக்கியால் தூக்குகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது பாலாடைபோல் நடுங்குகிறது. இறப்பதற்குமுன் கணவர் வார்த்த கடைசிப் படலம். அதற்குள் இருவகைப் பிளாஸ்டிக் தாமாகவே பிரிந்து அணிவகுத்திருந்தன. ஒன்றைக் காரம் கரைத்துவிட்டால், தண்ணீரை வடிகட்டும் நுண்துளைகள் மிஞ்ச வேண்டும். "இதையாவது வச்சிருந்திருக்கலாம் அண்ணி," என்கிறான் ஆய்வகத்தில் உடன் வேலைபார்க்கும் கொழுந்தன். "வச்சு அழகு பாக்கவா உங்கண்ணன் ஊத்தினாரு?" படலத்தை அலசிப் புனலில் பொருத்தி, கலங்கல் நீரை ஊற்றுகிறாள். அடியிலிருந்து நீரை உறிஞ்சும் பம்பு மட்டும் முனகுகிறது. வெகுநேரம் கழித்து, புனலடியில் தெளிந்த சொட்டு ஒன்று திரண்டு விழுகிறது. அவள் கை தன்னையறியாமல் கண்ணுக்குப் போகிறது. கொழுந்தன் சட்டென மணிக்கட்டைப் பிடிக்கிறான். "கையுறையில காரம் இருக்கு அண்ணி." அவள் கையை இறக்கிக்கொள்கிறாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு இறங்குகிறது.