காகத்தின் கல்யாணப் படம்

"வெளிச்சத்தை முகத்துக்கு நேரா கொட்டாதே, அதைக் கொஞ்சம்..." என்று ஸ்டூடியோவின் பழைய கேமரா என்றைக்கோ சொல்லியிருந்தது. ஸ்டூடியோ விளக்குக்குக் 'கொட்டு' மட்டும்தான் நினைவிருந்தது, மிச்சம் மறந்துவிட்டது.

அன்று ஒரு காகம் வந்தது. பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். முகமெல்லாம் பவுடர். விளக்கு உற்சாகமாக எதிரே போய் நின்று, இருந்த வெளிச்சத்தையெல்லாம் கொட்டியது. கேமரா படம் எடுத்தது.

காகம் படத்தைப் பார்த்தது. "ஏங்க, இது யாரு, புறாவா? நாளைக்குப் பொண்ணு வீட்டுல நானில்ல போய் நிக்கணும்?"

"பவுடர் நீ போட்டது," என்றது விளக்கு.

"வெளிச்சம் நீங்க போட்டது."

வெட்கம் தாங்காமல் விளக்கு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அங்கே சாய்ந்திருந்த வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் பட்ட வெளிச்சம், பக்கவாட்டில் மெதுவாகக் காகத்தின் மேல் விழுந்தது. பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்த காகத்தின் கழுத்தில் நீலமும் ஊதாவும் மின்னின.

"அப்படியே இரு," என்று கேமரா சட்டென்று எடுத்தது.

காகம் புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தது. "இது நான்தான். எங்கம்மாவே ஒத்துக்குவாங்க."

அடுத்து எருமை உள்ளே வந்தது, பவுடர் டப்பாவோடு. சுவரைப் பார்த்தபடியே நிற்பது என்று விளக்கு முடிவு செய்தது.