நஷ்டத்துக்கு விற்ற டயர்

டோர்கிரிம் வாங்கிய விலைக்கும் குறைவாக டயர் விற்கிறான் என்ற சேதி காதில் விழுந்த அன்றே, அவை திருட்டு டயர்கள்தான் என்று காவல் அதிகாரி ஐலிஃப் முடிவு கட்டிவிட்டார்.

அவருக்கு அவசரமாக ஒரு திருடன் தேவைப்பட்டான். போன குளிர்காலம் முழுக்க, பனிமான் வளர்க்கும் மாத்தேயின் மந்தையிலிருந்து பனிமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரே ஒரு டயர் தடம் கிடைத்தது. அதை பிளாஸ்டரில் வார்த்து எடுத்த மறுவாரமே பனி உருகி, ஊரே கோடைக்கால டயருக்கு மாறிவிட்டது. வடதுருவத்தை ஒட்டிய ஃபின்மார்க்கின் அந்தச் சின்ன ஊருக்கு, அவரைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறு விஷயமும் இல்லை. இந்த வருஷமும் யாரும் பிடிபடாவிட்டால் காவல் நிலையத்தை மூடிவிட்டு, அவரை நகரத்தில் ஏதாவது ஒரு மேஜை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிளாஸ்டர் வார்ப்பு இப்போது அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்டோபரின் ஒரு சாம்பல் நிறக் காலையில், நிலையத்துப் பெரிய வண்டியை டோர்கிரிமின் கடை வாசலில் நிறுத்தினார்.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. இதுக்கு ஏதோ ஒரு டயர் போதாதா?" என்று பேச்சைத் தொடங்கினார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க." டோர்கிரிம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "கிளம்புறதுக்குத்தான்பா நாலு சக்கரம். நிறுத்துறது டயர். ரெண்டரை டன் வண்டி ஐஸ்ல சறுக்க ஆரம்பிச்சா, அதுக்குப் பேரு வண்டி இல்ல, சவப்பெட்டி. உள்ள உட்கார்ந்திருக்கறது நீ."

"ஐஸைக் கவ்வுற இந்த ஆணியெல்லாம் எதுக்கு? ஆணி வைக்காத டயர் அமைதியா ஓடும்னு சொல்றாங்களே?"

"மாத்தே அதைத்தான் போட்டிருந்தான். அமைதியாதான் ஏரிக்குள்ள போனான். கயிறு கட்டி இழுத்தது யாரு? நான்."

"அதனாலதான் எல்லார் தலையிலயும் இந்த ஒரே டயரைக் கட்டுறியா?"

"பெரிய வண்டிக்கெல்லாம் இதான். பாதிரியாருக்கு, டீச்சருக்கு, மாத்தேக்கு. என் வண்டிக்கும் இதான். ஊர்ல ஆளுக்கொரு டயர் போட்டுக்கிட்டுத் திரியறது எனக்குச் சரிப்படலை."

"ஏன்?"

"தொல்லைப்பா." டோர்கிரிம் காப்பியை ஊற்றி, ஒரு காகிதப் பையை நீட்டினான். உள்ளே உலர்ந்த பனிமான் இறைச்சித் துண்டுகள். "தின்னு. வீட்டுல உலர்த்துனது. டயர் வாங்குற எல்லாருக்கும் ஒரு பை சும்மா தரேன்."

"நான் இன்னும் வாங்கலையே."

"வாங்குவே."

ஐலிஃப் மென்றார். நல்ல இறைச்சி, உப்பு அளவாக இருந்தது. இவ்வளவு தாராளமாக இருப்பவன் நிச்சயம் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது. டயர் அடுக்கை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். டோர்கிரிமும் அவரைத் தடுக்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஆல்ட்டா நகரத்திலுள்ள டயர் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார்.

"திருட்டு டயரா?" மறுமுனையில் அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "முழு விலையும் முன்கூட்டியே கட்டிட்டுத்தான் எடுத்தார். குறைச்சு விக்கிறாரா? அப்ப ஒண்ணு அவரு பைத்தியம், இல்ல மகான்."

ஐலிஃப் அன்று முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சக மனிதன் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமென்று கைக்காசைப் போட்டு ஒருவன் டயர் விற்கிறான். அவனைத் திருடன் என்று நினைத்த மனசு எப்படிப்பட்ட மனசு? பல வருஷம் இந்த வேலையில் இருந்தால் நல்லது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

மறுநாள் அதே டயரை வாங்கி மாட்டிக்கொண்டார். அதோடும் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காப்பி நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசினார். "பழைய டயரைக் கட்டிக்கிட்டு அழறவங்க டோர்கிரிம்கிட்ட போங்க. இது காவல்துறை சொல்ற புத்திமதி." மிச்சமிருந்தவர்களும் அந்த வாரமே போனார்கள்.

முதல் பனி பெய்து ஓய்ந்த காலையில் மாத்தே கூப்பிட்டான்.

"மறுபடியும் மூணு போச்சு, ஐலிஃப். ஆனா தடம் விழுந்திருக்கு. வெண்ணெயில அச்சு வச்ச மாதிரி இருக்கு."

ஐலிஃபுக்கு இருபது வயசு குறைந்தது போலிருந்தது. அளவு நாடா, பிளாஸ்டர், சட்டைப்பையில் இறைச்சிப் பை எல்லாவற்றோடும் பறந்தார். வேலி அறுந்து கிடந்தது. பனியில் ரத்தம். அங்கிருந்து ரோடு வரைக்கும் ஒரு வண்டித் தடம், ஒவ்வொரு ஆணியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக. வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார்.

"போன வருஷத்து வார்ப்பு இன்னும் காகிதத்துக்குக் காவல் இருக்கா?" என்றான் மாத்தே.

"சிரிச்சுக்கோ. இந்த டயர் எந்த வண்டியில இருக்குன்னு பார்த்தா முடிஞ்சுது கதை. சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கொண்டுவந்து நிறுத்தறேன்."

மாத்தே ஐலிஃபின் வண்டி வந்து நின்ற வழியே நடந்து போய், குனிந்து பார்த்தான். பிறகு தன் வண்டி வந்த வழியைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"இங்க மூணு தடம் இருக்கு. ஒண்ணு உன்னுது, ஒண்ணு என்னுது. மூணும் ஒரே அச்சு, புத்தம் புது டயர். இதுல திருடன் எதுன்னு சொல்லு பார்ப்போம்."

ஐலிஃப் மெல்ல எழுந்து மூன்றையும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

ஊரில் ஆளுக்கொரு டயர் போட்டுக்கொண்டு திரிவது டோர்கிரிமுக்கு ஏன் சரிப்படவில்லை என்பது, ஒரு பனிமான்கூட வளர்க்காத அவன் வீட்டில் உலர்த்திய இறைச்சியை மென்றுகொண்டே நின்ற ஐலிஃபுக்கு அப்போதுதான் புரிந்தது.