மூன்றுக்குப் பிறகு

அண்ணன் இறந்த பிறகு, அவனுடைய பழைய கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து, அண்ணியின் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலில் ஓடும்படி செய்து கொடுத்தவள் தங்கைதான். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். உள்ளே எல்லாம் திறந்தது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

"வீடியோல அவர் வாய் அசையுது, குரல் வரல. கொஞ்சம் என்னன்னு பாரும்மா," என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்து உட்கார்ந்தாள். உள்ளே சவுண்ட் கார்டு தவறாகத் தேர்வாகியிருந்தது, மாற்றினாள். மைக்கைச் செருகி, பழக்கதோஷத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். முன்பெல்லாம் சோதிக்கும்போது அவள் மூணு வரை எண்ணுவாள்; கேட்கிறது என்பதற்கு அடையாளமாக, அடுத்த அறையிலிருந்து அண்ணன் "நாலு" என்பான்.

"நாலு" என்றது ஸ்பீக்கர்.

பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்று எல்லாவற்றையும் மூடினாள். மைக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். மனதுக்குள் மூணு வரை எண்ணினாள்.

"நாலு." அதே அவசரமில்லாத குரல்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி எட்டிப் பார்த்தாள். "சரியாயிடுச்சா?"

தங்கை ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

"இன்னும் இல்ல அண்ணி. நாளைக்கும் வரேன்."