சூரன் என்றொரு கிடா

ஓர் ஆட்டுப்பட்டிக்குப் புதிதாக ஒரு கிடா வந்தது. அதன் முறுக்கிய கொம்பைப் பார்த்து ஆட்டுக்காரர் சூரன் என்று பெயர் வைத்தார். ஆனால் அது வந்த பிறகு ஒரு பெட்டை ஆடும் சினைப்படவில்லை.

“எல்லாம் மலடுகள். என்மேல் என்ன குறை?” என்றது சூரன்.

பெட்டைகள் தலை நிமிராமல் மேய்ந்தன. ஆட்டுக்காரர் கால்நடை டாக்டரை அழைத்துப் பெட்டைகளை மட்டும் சோதிக்கச் சொன்னார்; பிறகு சிலவற்றைக் கறிக்கடைக்கு விற்றார். அடுத்ததாகச் செவலை என்ற பெட்டையின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார்.

“பழைய கிடா இருந்தபோது நான் இரட்டைக் குட்டி போட்டவள். எங்களைச் சோதித்த டாக்டரையே சூரனையும் சோதிக்கச் சொல்லுங்கள்,” என்றது செவலை.

“என்னையா? இந்தக் கொம்பைப் பார்த்த பிறகுமா?” என்று சிரித்தது சூரன்.

டாக்டர் கொம்பைத் தொடவே இல்லை. விதையை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஆட்டுக்காரர் செவலையின் கயிற்றை அவிழ்த்தார். பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஒல்லிக் கிடாவை ஓட்டி வந்தார். சூரனைக் கொழுக்க வைத்து விற்பதற்காக ஓரமாகக் கட்டிப்போட்டார்.

அடுத்த ஈற்றுப் பருவத்தில் பட்டியெங்கும் குட்டிகள் துள்ளின. செவலையின் மடியில் இரண்டு குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன.

சூரன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

“கொடுத்து வைத்தவன் தம்பி நீ,” என்றது ஒல்லிக் கிடாவிடம். “உனக்கு நல்ல பெட்டைகளாக வாய்த்துவிட்டன.”