உபயம் போட்ட டிரில்

பஸ் ஸ்டாண்டில் பிடித்து வந்த கன்னியப்பனின் பையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார் ஏட்டு. பழைய மெஷின்தான். பழுது பார்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, இருளர் குடியிருப்பில் வயரிங் கற்றுக்கொண்டவர்களுக்குக் கொடுத்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுவதைப் போல அதன் வயிற்றில் ‘உபயம்: தணிகாசலம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“கோயில் சாமான்லயே கைய வெச்சிட்டியாடா?”

“இல்ல சார், அந்த ஐயாதான் அவர் கையால குடுத்தாரு. வேலைக்குத்தான் எடுத்துனு போனேன்.”

இருளன் பையில் டிரில் எதற்கு, அடுத்தவன் சுவரில் ஓட்டை போடத்தானே என்பது ஏட்டின் கணக்கு. இருந்தாலும், ஊருக்கே தெரிந்த தணிகாசலத்துக்குப் போன் போட்டார். அவரும் உடனே காரில் வந்து இறங்கினார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் குடுத்ததேதான்!” என்று பூரித்துப்போனார். கன்னியப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“இவனுக்கா சார் குடுத்தீங்க?”

தணிகாசலம் அதன்பிறகுதான் அவனைப் பார்த்தார். “அன்னைக்கு நிறைய பேரு வந்தாங்க. மூஞ்சி ஞாபகமில்லையே. இருங்க, போட்டோ இருக்குது.”

செல்போனில் தேடி எடுத்து நீட்டினார். போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மெஷின் பளபளத்தது, எழுத்துகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ஓரத்தில், அதை வாங்குகிற இரண்டு கைகள் மட்டும், மணிக்கட்டு வரைக்கும்.

ஏட்டு அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எங்க, கைய நீட்டு” என்றார்.

அன்றைக்கு வாங்கும்போது நின்ற மாதிரியே, கன்னியப்பன் கொஞ்சம் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.