செத்த வீட்டுக் காசு

வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அவளுடைய குரல் அழுதுகொண்டிருந்தது.

உள்ளே, ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அழுகை வரவில்லை.

பெட்டிக்குள் முத்திருளன். அவள் புருஷன். நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

நாத்தனார் ஒச்சம்மா தொண்டை கட்டும்வரை அழுதுவிட்டு இவளையே பார்த்தாள். வந்திருந்த பெண்களும் பார்த்தார்கள்.

ஸ்பீக்கரில் வந்த குரலுக்கு வயது பத்தொன்பது.

கலைக்குழுவோடு இரண்டே வருடம் ஊர் ஊராகப் பாடினாள். மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் இந்த ஒப்பாரியைப் பதிவு செய்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுகிற பாட்டு. அப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நடுவில் அவள் சிரித்துத் தொலைத்ததில் மூன்று முறை பாட்டு நின்றது. ஸ்டூடியோக்காரர் திட்டினார்.

கல்யாணமான மறுவருடம் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும். இப்போது பேசினால் கரகரவென்று வரும். பாட்டுக்காரி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பாட்டு மட்டும் அவளை விட்டுவிட்டு ஊர் சுற்றியது.

முத்திருளன்தான் கண்டுபிடித்தான். லோடு இறக்கப் போன ஊரில், ஏதோ ஒரு துக்க வீட்டில் கேட்டிருக்கிறான். யூடியூபில் பல லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். மதுரைக்குப் போய் ஸ்டூடியோக்காரரிடம் மல்லுக்கட்டி, அதில் வரும் காசில் பாதிப் பங்கு எழுதி வாங்கி வந்தான்.

அதிலிருந்து மாதாமாதம் அவள் கணக்கில் பணம் விழுந்தது. பெரிய தொகையில்லை. பிள்ளைகளின் பள்ளி வேனுக்குக் காணும்.

"செத்த வீட்டுக் காசு நமக்கெதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயா கொன்ன?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பணம் வந்த மெசேஜைப் பார்த்ததும் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஒரு மாதம் கூடுதலாக வந்தது. சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மைக்செட்காரர் சங்கிலிக்கு இதெல்லாம் தெரியாது. வெளியூர்க்காரர். துக்க வீடு என்றால் அவர் போடுகிற முதல் பாட்டு இதுதான். வாசற்படியோரம் மேசை போட்டு, செல்போனில் யூடியூபை ஓடவிட்டு மைக்செட்டில் சொருகியிருந்தார். வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பாட்டுக்கு அழுவாத பொம்பளய நான் பாத்ததில்ல தங்கச்சி. மனசுலயே அடக்கி வச்சுக்கிராத. வேற வேணா போடவா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாட்டில் அந்தப் பெண் எவ்வளவு நன்றாக அழுகிறாள். அவள்மேல் எரிச்சலாக வந்தது. முத்திருளனை அவளுக்குத் தெரியவே தெரியாது.

பாட்டு சட்டென்று அறுந்தது.

மரத்திலிருந்து வேறொருத்தி உற்சாகமாகப் பேசினாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

பந்தலில் யாரோ சீ என்றார்கள். சங்கிலி பதறிப்போய் செல்போனை எட்டினார்.

விளம்பரத்தைப் பாதியில் தள்ளிவிட்டால் காசு வராது என்று முத்திருளன் சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை வேனுக்குக் கட்டவேண்டும். அவனுடைய லோடு ஆட்டோ தெருவோரம் நின்றது. இனி அதை ஓட்ட ஆளில்லை.

"தள்ளாதீங்கண்ணே," என்றாள். "முழுசா ஓடட்டும்."

பந்தலில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சோப்புக்காரி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

சொன்னது தான்தான் என்று உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெட்டியின் கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அப்போதுதான் வந்தது. ராகமில்லாமல், வார்த்தையில்லாமல், கரகரவென்று.

ஒச்சம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

சோப்பு முடிந்து பாட்டு மறுபடி தொடங்கியது. சங்கிலி அதை நிறுத்திவிட்டார்.