நரைமுடிக்கு ஒரு பாராட்டு

தோட்டத்தில் ஃபாக்ஸ்குளோவ் பூக்கள் ஊதா மணிகளாய்த் தொங்கின.

“தொட்டுடாதீங்க, அத்தனையும் விஷம்!” என்றாள் மனைவி.

“தெரியும்டி. இந்த விஷத்துலேருந்து எடுத்த மருந்துதான் என் இதயத்தை ஓட்டுது. ஆமா, காலையில மாத்திரை போட்டேனா?”

“ஒரு வாரமா இதே கேள்வி! சந்தேகமா இருந்தா இன்னொண்ணு போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டவர் அவளையே உற்றுப் பார்த்தார். “உன் நரைமுடி தங்கமா மின்னுதுடி!”

நாற்பது வருஷத்தில் அவர் பாராட்டியதே இல்லை. “போதும், ஐஸ் வைக்காதீங்க” என்றாளே தவிர, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் தலையை ஆசையாய் வாரி முடிந்து வந்து நின்றாள். அப்போதும் அதையே சொன்னார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“காப்பாத்த முடியலம்மா. மாத்திரை அளவு மீறிப் போயிடுச்சு. இந்த மருந்து அதிகமானா கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார். உங்ககிட்ட அவர் எதுவுமே சொல்லலையா?”

அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

“மஞ்சள்னு சொல்லலையே டாக்டர்... தங்கம்னுதானே சொன்னார்!”